மாடி வீட்டம்மாவின் ஹெட்ஃபோன்

ஜூன் 3

அன்புள்ள அத்தைக்கு,

"இனிமே உன் குரல் என் காதுல விழக் கூடாது" என்று போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று சொன்னீர்கள். சரி, விழாது. காகிதத்துக்குக் குரல் கிடையாது, அதனால் எழுதுகிறேன். உங்கள் பிள்ளை உங்களோடு போனில் பேசும்போதெல்லாம் நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். நேற்று பாழாய்ப்போன இருமல் வந்தது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமினேன். இவர் வந்து பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நான்தான் முழிக்கிறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

என் பக்கத்து நியாயத்தை ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக எனக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் கத்துகிற வேலை. "ஐயோ, தீ! தீ!", "பிடிங்க அவனை!", இவ்வளவுதான். டப்பிங்கில் முதல் தடவையாக ஒரு முழுப் பாத்திரம் கிடைத்திருக்கிறது, அந்த ஹாஸ்டல் வார்டன். நடிக்கிற பெண்ணுக்கு நம் மொழி தெரியாது. அவள் உதட்டை எப்படியோ அசைத்துவைக்கிறாள், அதற்குள் நான் வார்த்தையைப் பொருத்த வேண்டும். மூன்று நாள் குரலே வசப்படவில்லை. "பூனை மாதிரி பேசாதம்மா, நூறு பொண்ணுங்க நடுங்கணும்" என்று டைரக்டர் எரிந்து விழுந்தார். கண்ணை மூடினேன். நீங்கள்தான் வந்து நின்றீர்கள். காகிதத்தில் எழுதியே இல்லாத ஒரு வரி என் வாயிலிருந்து வந்தது: "மூச்சை எங்கடி வச்சிருக்க?"

முதல் குரல் தேர்வுக்குக் கிளம்பிய அன்று நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து நீங்கள் கேட்டீர்களே, அதே கேள்வி. அன்றைக்கு அதைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சே வந்தது.

பாங்க் வரிசையில் உங்கள் பழைய மாணவி ஒருத்தி, "டீச்சர், டிவியில உங்களை மாதிரியே ஒரு ராட்சசி வர்றா" என்று எல்லார் முன்னாலும் சொன்னது உங்களுக்கு எப்படிச் சுருக்கென்று இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவர் நீங்கள். "என்னை ஊர் சிரிக்க வித்துட்ட" என்றீர்கள். சத்தியமாக இல்லை அத்தை. எனக்குத் தைரியம் தேவைப்பட்டது, உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். கேட்காமல் எடுத்தது தப்பு.

இந்த வேலையை விடு என்று மட்டும் சொல்லாதீர்கள். வேறு எந்தத் தண்டனையும் கொடுங்கள். மைதானத்தைப் பத்து சுற்று ஓடச் சொன்னாலும் ஓடுகிறேன்.

மாமாவுக்கு என் அன்பு. உங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட.

உங்கள் மருமகள்


ஜூன் 9

மருமகளுக்கு,

கடிதம் வந்தது. நான்கு பக்கம். விஷயம் ஒரு பக்கத்துக்குத்தான் இருக்கிறது. எழுத்துப்பிழை மூன்று.

நீ அந்த வேலையைச் செய், விடு, அது உன் பாடு. நான் சொன்னது சொன்னதுதான். உன் தொடரை நான் பார்ப்பதில்லை. ஏழரை மணிக்கு எனக்கு ஆயிரம் வேலை இருக்கிறது. உன் மாமாவும் பார்ப்பதில்லை. அவர் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர், உனக்கே தெரியும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மாடி வீட்டில் ஒரு அம்மா இருக்கிறாள். அவள் உன் தொடரை ஒரு நாள் விடாமல் பார்க்கிறாள். அவள் சொல்கிறாள், வார்டன் வாயைத் திறந்து மூடின பிறகுதான் உன் குரல் வருகிறதாம். ஒரு நாள் அல்ல, தினமும். நான் சும்மா விடவில்லை. ஸ்டாப்வாட்சைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். பத்துத் தடவை அளந்து சராசரி எடுத்ததில் கால் வினாடி தாமதம். உனக்குக் கால் வினாடி ஒன்றுமில்லாததாகத் தோன்றலாம். நூறு மீட்டரில் கால் வினாடி பிந்தினவளுக்கு மேடையில் இடம் கிடையாது.

என் குரலை எடுத்துக்கொண்டாய். எடுத்ததை ஒழுங்காகவாவது செய். வார்டன் நான்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பிந்திப் பேசுகிறவள் என்ற பெயரும் எனக்கு வர வேண்டாம்.

இருமலுக்கு மருந்து வாங்கிச் சாப்பிடு. துண்டை அடைத்தால் இருமல் போகாது.

மாமியார்


ஜூன் 14

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கால் வினாடியா!

எங்கள் சவுண்ட் இன்ஜினியர் மூன்று வாரம் லீவு, மனைவிக்குப் பிரசவம். அவர் இடத்துக்கு வந்திருப்பவர் புதியவர். "எனக்குச் சரியாத்தான் தெரியுது மேடம்" என்கிறார். என் கண்ணுக்கும் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் என் வேலையை நானே பார்த்தால் குறை எங்கே தெரியப் போகிறது? ஓட்டத்தில் யார் முதலில் வந்தது என்று கேமராவைப் பார்க்காமலே சொல்கிற நீங்கள் அளக்கச் சொல்லி, ஒருவர் உட்கார்ந்து பத்துத் தடவை அளந்திருக்கிறார் என்றால் அது பொய்யாக இருக்குமா?

அதனால் நேற்று ஒரு முடிவு எடுத்தேன். வார்டன் உதட்டைப் பிரிப்பதற்கு ஒரு துளி முன்னாலேயே பேச ஆரம்பித்துவிடுகிறேன். "கால் வினாடி முந்துதே மேடம்" என்றார் புதியவர். "முந்தட்டும். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சரியாகிடும்" என்றேன். அவர் பாவம், நீங்க சொன்னா சரி என்று விட்டுவிட்டார். முந்திப் பேசுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சாயங்காலம் கழுத்தெல்லாம் விண்விண்ணென்று தெறிக்கிறது.

மாடி வீட்டம்மாவிடம் என் நன்றியைச் சொல்லுங்கள். முகம் தெரியாத எனக்காக ஸ்டாப்வாட்சும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாரே! இந்த வாரம் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுவீர்களா? அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

இருமல் விட்டுவிட்டது.

உங்கள் மருமகள்


ஜூன் 23

மருமகளுக்கு,

மாடி வீட்டம்மா ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். சரியாக இருக்கிறது. உதடும் குரலும் ஒட்டினாற்போல் இருக்கிறது. வியாழக்கிழமை அந்தச் சின்னப் பெண் சுவரேறிக் குதித்து மாட்டிக்கொண்டபோது வார்டன், "கால்ல அடிபட்டுச்சா?" என்று கேட்டாளே, அதில் திட்டும் இருந்தது, அக்கறையும் இருந்தது. அப்படிக் கேட்க எல்லாராலும் முடியாது. இதெல்லாம் அவள் சொன்னது.

அந்தப் பெண்ணை ஹாஸ்டலை விட்டு அனுப்பிவிடுவார்களா? மாடி வீட்டம்மா கேட்டாள். உனக்கு முன்கூட்டியே தெரியுமே. யாரிடமும் சொல்ல மாட்டாளாம்.

இங்கே இரண்டு நாளாகப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. உன் மாமா, "ஸ்டாப்வாட்ச் டீச்சர் வீட்ல பால் பொங்குதே" என்று கேலி செய்கிறார். அவர் கிடக்கிறார்.

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. தோளைத் தூக்கிக்கொண்டு பேசாதே, இறக்கி வைத்துக்கொண்டு பேசு. மூச்சு கீழே போகும்.

அத்தை


ஜூன் 28

அன்புள்ள அத்தைக்கு,

வேலை போகிற நிலைமையில் இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சேனலுக்குப் புகார் மேல் புகாராம். "வார்டன் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே குரல் வருது, பேய்ப் படமா எடுக்கறீங்க?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டைரக்டர் பதினைந்து பேருக்கு நடுவில் என்னை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். வேறொரு பெண்ணை வரவழைத்துக் குரல் தேர்வு நடத்தியாயிற்று. அடுத்த திங்கட்கிழமை அவளா நானா என்று முடிவு சொல்வார்களாம்.

அழுதுகொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அன்றுதான் எங்கள் இன்ஜினியர் லீவு முடிந்து வந்திருந்தார், பெண் குழந்தையாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த அம்மா எதுல கேக்கறாங்க?" எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். டிவியிலோ வீட்டு ஸ்பீக்கரிலோ கேட்டால் உதடும் குரலும் சேர்ந்தே வரும். வயர் இல்லாத ஹெட்ஃபோனுக்கு ஒரு சின்னப் பெட்டி மாட்டி அனுப்பினால், அந்தப் பெட்டி ஒலியை மடித்துக் கட்டி அனுப்ப வேண்டும், ஹெட்ஃபோன் அதைப் பிரித்துப் போட வேண்டும். அதற்குள் படம் ஓடிவிடும். "எவ்வளவு நேரம் பிந்தும்?" என்றேன். "சாதாரணப் பெட்டின்னா கால் வினாடி" என்றார்.

நான் பேசியதெல்லாம் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஊரில் இருக்கிற மற்ற அத்தனை வீட்டுக்கும் கெடுத்து, ஒரே ஒரு வீட்டுக்குச் சரிசெய்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம், "மாடி வீட்டம்மாகிட்ட ஹெட்ஃபோன் இருக்கான்னு கேளுங்க" என்றேன். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "மாடியா? மாடி காலியாகி நாலு மாசமாச்சே, பூட்டியில்ல கிடக்கு?" என்றார்.

அத்தை, எனக்குக் கோபம் வந்தது. ரொம்ப நேரம் வந்தது. அப்புறம் ஏழரை மணிக்கு ஒருவர் காதில் அதை மாட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இவர் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இல்லாத மாடி வீட்டம்மாவிடம் சொல்லுங்கள், அந்தச் சின்னப் பெண்ணை ஹாஸ்டலை விட்டு அனுப்ப மாட்டார்கள். வார்டன் விட மாட்டாள்.

உங்கள் மருமகள்


ஜூலை 2

என் கண்ணே,

நான்தான். மாடியில் யாரும் இல்லை.

உன்னைப் போ என்று சொன்ன மறுநாளே உன் குரல் இல்லாமல் இருக்க முடியவில்லை. நீ லீவுக்கு வந்தால் காலையில் பல் தேய்க்கிறதிலிருந்து பேச ஆரம்பிப்பாய். நான் வாயை மூடடி, வாயை மூடடி என்பேன். நீ போன பிறகு வீடு சத்தமில்லாமல் கிடந்தது. உன் மாமா ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவர். தொடரையாவது பார்க்கலாமென்றால் நம் டிவியின் ஸ்பீக்கர் செத்து ஐந்து வருஷமாயிற்று. உன் மாமாவின் அந்த ஆளுயர ஸ்பீக்கரில்தான் சத்தம் வரும். போட்டால் தெருவுக்கே கேட்கும். கேட்க மாட்டேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டு எப்படிப் போடுவேன்? வயர் வைத்த ஹெட்ஃபோனென்றால் ஹாலின் குறுக்கே வயர் ஓடும், உன் மாமா தடுக்கி விழுந்து கேள்வி கேட்பார்.

வயர் இல்லாததை வாங்கி வந்தேன். அதில் ஒரு நீல விளக்கு மினுக் மினுக் என்றது. மாமாவின் ஸ்பீக்கர் பெட்டியிலும் நீல விளக்கு மினுக் மினுக் என்றது. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. அரை நாள் போராடிவிட்டுக் கடைக்காரரிடம் போனேன். "அம்மா, அந்தப் பெட்டி வாங்கிக்கும், கொடுக்காது. ஹெட்ஃபோனும் வாங்கிக்கும், கொடுக்காது. ரெண்டும் யாராவது பேசுவாங்கன்னு காத்துட்டு உக்காந்திருக்கும்" என்றார். எனக்கு எங்கேயோ இடித்தது. பேசுகிற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அதை ஸ்பீக்கர் பெட்டியின் முன்பக்க ஓட்டையில் சொருகினால் ஸ்பீக்கர் வாயடைத்துப்போகும், என் காதில் மட்டும் நீ பேசுவாய். ஹாலைத் தாண்டி ஃப்ரிட்ஜ் பக்கம் போனால் உன் குரல் விட்டு விட்டு வரும். அதனால் அடுப்புப் பக்கமே போகவில்லை. பால் பொங்கினது அதனால்தான்.

கடைக்காரர் தாமதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களை அளந்தவளுக்கு, அளக்கிற கருவியே பிந்தும் என்று தோன்றவே இல்லை. தப்பு உன் மேல்தான் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிட்டேன். உன்மேல் ஒரு குறை கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

உன் மாமாவிடம் எப்படி மாட்டினேன் தெரியுமா? ஹெட்ஃபோன் மாட்டினால் நம் குரல் நமக்கே தெரியாது. சுவரேறின பெண் மறுபடி ஓடப் பார்த்தபோது, "விடாதடி அவளை!" என்று கத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பேப்பருக்கு மேலே இரண்டு கண். "யாரை விடக் கூடாது?" என்றார். அன்றிலிருந்து அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் அந்தப் பெட்டி ஒரு ஹெட்ஃபோனோடுதான் பேசும். அவர் படத்தை மட்டும் பார்த்து, "என்ன சொன்னா? இப்ப என்ன சொன்னா?" என்று பிடுங்குவார். நான் வார்டன் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்வேன். மூன்றாம் நாள் அவர் சொன்னார், "நீ சொல்றதுக்கும் அவ சொல்றதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலையே. இவ்வளவு நாள் உன்னை எவ்வளவு உன்னிப்பா கேட்டிருந்தா அவளுக்கு இது வரும்!"

அதைக் கேட்டதும் நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன். என்னை அவ்வளவு உன்னிப்பாக யாரும் கேட்டது கிடையாது. நான் பெற்ற பிள்ளைகூட இல்லை.

அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை. இப்போது உன் வேலைக்கே உலை வைத்துவிட்டேன். உன் டைரக்டருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இன்றே விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நடந்தது முழுக்க என் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பி.டி. டீச்சர் என்றும் போட்டிருக்கிறேன். நீ உன் கண்ணை நம்பிப் பேசு. யார் சொன்னாலும் முந்தாதே, நான் சொன்னாலும்.

அத்தை


ஜூலை 8

அன்புள்ள அத்தைக்கு,

"என் கண்ணே" என்ற இடத்தைத் தாண்டவே எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். டைரக்டர் உங்கள் கடிதத்தை எல்லாரையும் கூப்பிட்டு உரக்கப் படித்தார். பால் பொங்கின இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கடைசியில் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்த அம்மா எனக்கு மாமியாரா கிடைச்சிருக்கக் கூடாதா?" என்றார். என்னை உள்ளே அனுப்பி மறுபடி ஒரு காட்சி பேசச் சொன்னார். உதட்டை மட்டும் பார்த்துப் பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஆனால் சேனல் வெள்ளிக்கிழமையே முடிவெடுத்துவிட்டதாம். குரல் தேர்வுக்கு வந்த அந்தப் பெண்ணோடு ஒப்பந்தமும் போட்டாயிற்று. "என் கையில இல்லம்மா. அடுத்த தொடர்ல கண்டிப்பா கூப்பிடறேன்" என்றார் டைரக்டர். கூப்பிடுவார் என்றுதான் நினைக்கிறேன். அதுவரைக்கும் பஸ் நிலையத்தில் "வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று சொல்கிற பதிவு வேலை ஒன்று வந்திருக்கிறது. அதில் உதடே கிடையாது, பிந்துகிற பேச்சே இல்லை.

உங்கள்மேல் கோபம் இல்லை அத்தை. வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு வார்டன் வசனம் தானாக நாக்கில் வந்து நிற்கிறது. ஆனால் நீங்கள் தினமும் ஏழரைக்கு என்னை ஒளிந்து கேட்டீர்கள் என்று தெரியாமலே அந்த வேலையில் இருந்திருப்பதைவிட இது தேவலாம் என்று தோன்றுகிறது.

இன்றைக்கு வரும் பகுதியிலிருந்து புதுக் குரல். பார்க்காதீர்கள்.

உங்கள் மருமகள்


ஜூலை 12

என் கண்ணே,

உன் கடிதம் நேற்று சாயங்காலம் வந்தது. பார்க்காதே என்றாய். அதற்குள் மூன்று பகுதி பார்த்தாயிற்று.

திருட்டுத்தனம் போதும் என்று திங்கட்கிழமையே சின்னப் பெட்டியைப் பிடுங்கிப் போட்டிருந்தேன். நீ எப்படியும் ஜெயித்துவிடுவாய் என்று நம்பிக்கொண்டு, எட்டாம் தேதி ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, உன் மாமாவின் ஸ்பீக்கரில் பெரிதாக வைத்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் என் மருமகள் பேசுவதைக் கேட்கட்டும் என்றுதான். பாங்கில் என்னைக் கேலி செய்தவளைக்கூட வரச்சொல்லி நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தேன். வார்டன் வாயைத் திறந்தாள். வேறு யாரோ பேசினாள். ஜன்னல் கண்ணாடி அதிர அதிரப் பேசினாள். உதட்டோடு ஒட்டித்தான் பேசினாள், கால் வினாடி என்ன, ஒரு இம்மி பிசகவில்லை. உன் மாமா, "யாருடி இது?" என்றார். வந்திருந்தவள், "டீச்சர், இது நீங்க இல்லையே" என்றாள்.

ஆமாம், நான் இல்லை, நீயும் இல்லை. நான் எழுந்துபோய் அணைத்துவிட்டேன். மறுநாளும், அதற்கு மறுநாளும் போட்டுப் பார்த்தேன், ஒருவேளை நீ வருவாயோ என்று.

உன் குரல் என் காதில் விழக் கூடாது என்று சொன்னேன். சொன்னபடியே ஆகிவிட்டது. இப்போது எந்தப் பெட்டியைச் சொருகினாலும் நீ வர மாட்டாய். எந்தக் கடைக்குப் போய் என்ன வாங்குவது?

உனக்கு இந்தக் கடிதம் பதினாறாம் தேதி கிடைத்துவிடும். பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு நான் போன் செய்வேன். உன் வீட்டுக்காரனை எடுக்க விடாதே, நீ எடு. நான் பேச மாட்டேன். அந்தப் பக்கம் ஆள் இல்லையென்று வைத்துவிடாதே. நீ பாட்டுக்குப் பேசு. பஸ்ஸைப் பற்றிப் பேசு, இருமலைப் பற்றிப் பேசு, என்னைத் திட்டுவதென்றால் திட்டு. எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன்.

வார்டன் குரலில் மட்டும் பேசாதே. அது என்னிடமே இருக்கிறது. உன் குரலில் பேசு.

அத்தை